பதினாறு வயதில் ஒட்டப்படும் ‘சைக்கோ’ முத்திரை

2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பள்ளிக் கழிவறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுக்கப்பட்டுக் கிடந்தான். ஹரியானா போலீஸ் முதலில் பிடித்தது பள்ளிப் பேருந்து நடத்துநரை. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனபின் அந்தக் கதை நிற்கவில்லை. அதே பள்ளியில் படித்த 16 வயது மாணவன் பிடிபட்டான். அவனைப் பெரியவர்களைப்போல விசாரிப்பதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 15-தான் இந்தக் கேள்விக்கு இடம் தருகிறது. குறைந்தபட்சமே ஏழாண்டுத் தண்டனை உள்ள கொடுங்குற்றத்தில் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் சிக்கினால், இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குற்றம் செய்தானா என்பதல்ல அங்கே கேள்வி. அதைச் செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, சூழல் என்ன என்பவையே.

நடைமுறையில் வேறொன்றும் உள்ளே நுழைந்துவிடுகிறது. பையன் அழவில்லை, முகத்தில் சலனமில்லை, ஆகவே ‘சைக்கோ’. தொலைக்காட்சி விவாதங்களுக்கு இது போதும்; மருத்துவத்துக்குப் போதாது. குற்றவுணர்வின்மை, பிறர் வலி உறைக்காமை, மேலோட்டமான உணர்ச்சி போன்ற கூறுகள் குறைந்தது ஓராண்டாக, வீடு, பள்ளி எனப் பல இடங்களில் தெரிய வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற நோயறிதலை 18 வயதுக்கு முன் அது அனுமதிப்பதே இல்லை. அடி வாங்கியே வளர்ந்த பிள்ளையும் பயத்தில் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பான். அரைமணி நேரப் பேச்சில் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

குருகிராம் வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த மதிப்பீட்டை நுட்பமான வேலை என்றது. குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவம் படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால், அத்தகைய நிபுணரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்றும் சொன்னது.

சரி, குற்றவுணர்வின்மை போன்ற அந்தக் கூறுகள் உண்மையிலேயே இருந்தால்? திருத்த முடியாது என்று கைகழுவுவது எளிது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1995-இல் தொடங்கிய மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம், மற்றச் சீர்திருத்த நிலையங்கள் சமாளிக்க முடியாமல் அனுப்பிய முரட்டுப் பையன்களையே எடுத்துக்கொண்டது. தண்டித்தால் முறைக்கிறான், முறைத்தால் கூடுதல் தண்டனை என்ற சுழலை அறுப்பதே அதன் உத்தி. இன்று ஒழுங்காக இருந்தால் நாளைக்கே சலுகை. சொதப்பினாலும் மறுநாள் புதுக்கணக்கு. விடுதலைக்குப் பின் நான்கரை ஆண்டுகள் கண்காணித்தார்கள். வழக்கமான நிலையங்களிலிருந்து வந்த ஒப்பீட்டுக் குழுவினர் கையால் 16 பேர் இறந்திருந்தார்கள். மெண்டோட்டாவில் முழுச் சிகிச்சை பெற்றவர்களால் ஒரு கொலையும் இல்லை.

நம்மூர்ப் பெற்றோருக்கு: பிள்ளை பிடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பெயர், படம், பள்ளியை வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டுமே. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். மதிப்பீட்டு உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்; 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு வருமுன்னரே பிள்ளையின் போக்கு கவலை தந்தால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

பெரியவர்களைப்போல விசாரித்துத் தண்டித்தாலும், மரண தண்டனையோ விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனையோ கிடையாது. 21 வயதுவரை பாதுகாப்பு இடத்தில்தான் வைக்க வேண்டும். பிறகும் தண்டனைக் காலம் மிச்சமிருந்தால், அவன் திருந்தியிருக்கிறானா என்று குழந்தைகள் நீதிமன்றம் பார்த்து, வெளியே விடுவதா, சிறைக்கு அனுப்புவதா என முடிவெடுக்கும். அன்று மேசைக்கு வருவது நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் அங்கே சேர்ந்த முன்னேற்றப் பதிவுகளும் நிபுணர்களின் மதிப்பீடும்தான். ஆகவே அவனுக்கென எழுதப்படும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் மனநலச் சிகிச்சையும் படிப்பும் எழுதப்பட்டிருக்கின்றனவா, நடக்கின்றனவா என்று முதல் மாதத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.