திராட்சையில் பல ரகங்கள் ஏன் வேண்டும்?

கோவளத்து வேலிகளில் யாரும் நடாமலே படரும் பிரண்டையை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். துவையலுக்குப் பறிப்பாரும் பலர். அந்தப் பிரண்டையும், கடைத்தெருவில் தள்ளுவண்டியில் குவித்து விற்கப்படும் பன்னீர் திராட்சையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பற்றிப் படரும் சுருள்கம்பியையும், ஒடித்து ஊன்றினால் கணுவிலிருந்து வேர்விடும் இயல்பையும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு இவ்வுறவு எளிதில் விளங்கும். கணுத்துண்டு தழைக்கும் அந்த இயல்பிலேதான் திராட்சையின் பெருமையும் அதற்கு நேரக்கூடிய அபாயமும் ஒருங்கே அடங்கியுள்ளன.

ஒட்டு மாங்கனியின் கொட்டையை நட்டுவிட்டுத் தாயைப் போன்ற பழத்தை எதிர்பார்த்து ஏமாந்தவர் நம்மில் உண்டு. திராட்சை விதையும் அவ்வாறே. நூறு விதை முளைத்தால் நூறும் வெவ்வேறு குணமுடையனவாக இருக்கும். ஆகையால் நல்ல கொடியைக் கண்டவர்கள் அதன் கொம்பை வெட்டி நட்டே அதனைப் பெருக்கி வந்தனர். அவ்வாறு உண்டாகும் கொடி பழைய கொடியின் பிள்ளையன்று, பழைய கொடியேதான். பிரான்ஸ் தேசத்து ஓர்லியான் நகரில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முற்பட்ட திராட்சை விதையொன்றின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், இன்றும் அந்நாட்டில் வளரும் ‘சாவன்யான் பிளான்’ என்னும் ரகமே அது என்று 2019இல் வெளியிட்டனர். மன்னர்கள் பலர் மறைந்தனர். கொடி மட்டும் கைமாறிக் கைமாறி மாறாமல் நின்றது.

நம் பன்னீர் திராட்சைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இப்பழத்திற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலக வழக்கில் இதன் பெயர் ‘மஸ்கட் ஹாம்பர்க்’. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதைக் கொணர்ந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. ஆனால் இந்த ரகம் இங்கிலாந்தில் தோன்றியது 1850ஐ ஒட்டியே என்று தோட்டக்கலை நூலார் கூறுவதால், ஆண்டுக் கணக்கு சற்றே இடிக்கிறது. அஃது எவ்வாறாயினும், பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாய் நிற்பவை பெரும்பாலும் ஒரே கொடியின் கிளைகளே. ஒரு கொடியைத் தாக்கும் நோய்க்கு அடுத்த கொடியிலும் தடையில்லை.

இது வெறும் அச்சமன்று. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு வேரை உறிஞ்சும் பேன் போன்ற சிறு பூச்சி ஒன்று பிரான்ஸில் புகுந்தது. கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. மோன்பெலியே நகரத்துப் பேராசிரியர் பிளான்ஷோன் முதலியோர் 1868இல் பட்ட வேர்களைத் தோண்டிப் பார்த்துப் பூச்சியைக் கண்டறிந்தனர். 1875க்கும் 1889க்கும் இடையே அந்நாட்டின் திராட்சரச உற்பத்தி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. ஊர்கள் வெறிச்சோடின. மருந்துகள் பெரிதும் பலிக்கவில்லை. அப்பூச்சியோடு நெடுங்காலம் பழகி அதனைத் தாங்கக் கற்ற அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியதே இறுதியில் காப்பாற்றியது. பறவைகள் தின்னும் புளிப்புப் பழம் என்று எள்ளப்பட்ட காட்டுக்கொடி இல்லாதிருந்தால், ஒட்டுக்கட்ட வேர் எங்கே கிடைத்திருக்கும்? (அமெரிக்கக் கொடிகளோடு அடிச்சாம்பல் நோயும் வந்து சேர்ந்தது வேறு கதை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நாம் தெளிக்கும் போர்டோ கலவை அதற்காக 1885இல் வழக்கத்திற்கு வந்ததே.)

புதிய குணம் சில சமயம் கொடியிலேயே தானாகவும் தோன்றும். சோலாப்பூர் மாவட்டத்து நன்னஜ் கிராமத்தில், தாம்சன் எனப்படும் விதையில்லாக் கொடியின் ஒரு கிளையில் வழக்கத்திற்கு மாறாக நீண்ட பழங்கள் காய்ப்பதை விவசாயி ஒருவர் கவனித்தார். அதிலிருந்து பெருகியதே ‘சோனாகா’ ரகம். எனினும் இத்தகைய மாறுதல் சிறிதே. அமெரிக்க அரசின் சேகரத்திலுள்ள ரகங்களை 2011இல் ஆராய்ந்தபோது, அவற்றில் சுமார் முக்கால் பங்கு மற்றொரு ரகத்திற்குப் பெற்றோராகவோ பிள்ளையாகவோ உடன்பிறப்பாகவோ இருப்பது தெரிந்தது. பெயர்ப்பட்டியல் நீளம், குடும்பங்களோ சில.

நெசவாள அங்கத்தினர்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். டாக்கா மஸ்லினை எண்ணிப் பாருங்கள். மேக்னா நதிக்கரையில் விளைந்த ‘புட்டி கார்ப்பாஸ்’ பருத்தி பயிரிடுவாரின்றி மறைந்தது. அந்த மென்னூலும் உடன் மறைந்தது. வங்காளதேசத்தார் எஞ்சிய செடிகளைத் தேடிப் பிடித்து, காட்சிசாலைகளிலுள்ள உலர்ந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு, மீண்டும் பயிரிட அண்மையில் பெரும்பாடுபட்டனர். பருத்திக்கு விதையாவது உண்டு. திராட்சை ரகத்தையோ விதைக்குதிரில் இட்டு வைத்தல் இயலாது. உயிர்க்கொடியாகவே நிறுத்திக் காக்கவேண்டும்.

அவ்வாறு காக்கும் பெருந்தோட்டங்களில் ஒன்று, மோன்பெலியேயில் 1876இல் தொடங்கி, 1949இல் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள வாசால் என்னுமிடத்திற்கு மாற்றப்பட்டது. 7,000க்கும் மேற்பட்ட கொடிகள் அங்கே சேர்க்கப்பட்டன. கடற்கரையைத் தேர்ந்த காரணம் நமக்குச் சுவையானது: அந்த வேர்ப்பூச்சி வெறும் மணலில் வாழாது. நாம் பயனற்றதென நினைக்கும் மணலே அக்கொடிகளுக்குக் கோட்டையாயிற்று. பின்னர் கடல்மட்டம் உயர்ந்து நிலத்தடி நீரில் உப்பேறும் என்ற கவலையும் சேர்ந்து, தோட்டத்தை வேறிடம் மாற்ற முடிவு செய்தனர். முட்டுக்காட்டுக் கழியோரம் கிணறு வைத்திருப்போர்க்கு அந்தக் கவலையை விளக்கவேண்டியதில்லை.

நம் நாட்டில் புனே அருகே மாஞ்சரியிலுள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ரகங்களைச் சேகரித்து வளர்க்கிறது. தேனி மாவட்டத்து ஆனைமலையான்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் உள்ளது. முன்பு தமிழ்நாட்டில் பரவலாயிருந்த பச்சைத் திராட்சை, வடக்கே ‘போக்ரி’ எனப்படுவது, இப்போது அருகிவிட்டது. வீட்டுக் கொல்லையில் அதன் பழங்கொடி வைத்திருக்கும் அங்கத்தினர் யாரேனும் இருப்பின், வெட்டி எறியுமுன் சங்கத்திற்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

தனி ஒருவர் பத்து ரகங்களைக் காத்தல் நஷ்டம். விலைபோகும் ஒன்றையே அவர் வளர்ப்பார், அது நியாயமே. பத்து வீட்டார் ஆளுக்கொன்றாய்ப் பந்தலிட்டால் சுமை தெரியாது. நடுமுன் கிணற்று நீரின் உப்பைச் சோதித்தல் வேண்டும். உப்பு மிகுதியாயின், மகாராஷ்டிரத்தில் உவர்நிலத்திற்குப் பெரிதும் பயன்படும் ‘டாக்ரிட்ஜ்’ என்னும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய கன்றே ஏற்றது. கவாத்தின்போது முற்றிய கொம்பில் மூன்று நான்கு கணுவுள்ள துண்டுகளை எடுத்து, அன்றே பெயரெழுதிய தகட்டைக் கட்டிவிடுதல் நலம். இலையற்ற குச்சிகளில் எந்த ரகம் எது என்று பிறகு எவராலும் சொல்ல இயலாது.