வயிறு நிறைஞ்ச கொசு ஏன் நம்மைக் கண்டுக்கறதில்லை?

நடுராத்திரி லைட்டைப் போட்டால் சுவரில் ஒரு கொசு. வயிறு சிவப்பாக உப்பி, பறக்கவே சிரமப்படும். அடித்தால் சுவரில் கறை. அது நம்ம ரத்தம்தான். ஆனால் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? அடுத்த சில நாட்களுக்கு அந்தக் கொசு நம்மைத் தேடி வராது. நம் வாசனை மேல் அதற்கு இருந்த மோகமே போய்விடும்!

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். பசிக்கு அதுக்குச் செடிகளின் இனிப்புச் சாறே போதும். ரத்தம் கேட்பது முட்டைக்கான புரதத்துக்காக. நாம் விடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு, வியர்வையில் இருக்கும் லாக்டிக் அமிலம், உடல் சூடு இதையெல்லாம் வைத்து நம்மைக் கண்டுபிடிக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி, கிடைத்தால் ஏறக்குறைய தன் எடை அளவுக்கு ரத்தம் குடித்துவிடும்.

குடித்ததும் முதலில் வேலை செய்வது வயிறு. மார்க் க்ளோடன், ஆர்டன் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970களில் இதைச் சோதித்தார்கள். ரத்தமே கொடுக்காமல், வெறும் உப்புத் தண்ணீரைச் செலுத்தி வயிற்றை உப்ப வைத்தார்கள். (ஆமாங்க, கொசுவுக்கு எனிமா!) அதுக்கே கொசு ஆளைத் தேடுவதை நிறுத்திவிட்டது.

சரி, ரத்தம் செரித்து வயிறு வடிந்த பிறகு? அப்பவும் வராது. முட்டை வளரும்போது உடலுக்குள் சுரக்கும் பொருட்கள் தடையைத் தொடர்கின்றன. லாக்டிக் அமிலத்தை உணரும் நரம்பு செல்கள் இந்த நேரத்தில் மந்தமாகின்றன என்று 1984இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மலேரியா கொசுவான அனோஃபிலிஸ் காம்பியேவின் உணர்கொம்புகளை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டது. ரத்தம் குடித்த பிறகு வாசனை தொடர்பான மரபணுக்களின் செயல்பாடே மாறுகிறது. மனித வாசனைக்கான உணர்வு குறைந்து, முட்டையிடும் இடத்தைக் காட்டும் வாசனைகளுக்கான உணர்வு கூடுகிறது. அதாவது மூக்கு அணைந்துவிடுவதில்லை, சேனல் மாறுகிறது. ஆளைத் தேடின மூக்கு இப்போது தண்ணீரைத் தேடுகிறது.

இந்தத் தடையைச் செயற்கையாக உண்டாக்க முடியுமா? நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லாரா டுவால், லெஸ்லி வோஷால் குழு 2019இல் செய்து காட்டியது. மனிதர்களின் பசியைக் குறைக்க உருவாக்கிய மருந்துகளை ஏடிஸ் கொசுவுக்குக் கொடுத்தார்கள். மனிதர் போட்டுக் கழற்றிய நைலான் ஸ்டாக்கிங் பக்கத்தில் இருந்தும் அவை பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. அந்த மருந்துகள் நமக்கும் வேலை செய்யும் என்பதால் அப்படியே வெளியில் வைக்க முடியாது. அதனால் 2 லட்சத்து 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைச் சலித்து, கொசுவிடம் மட்டும் வேலை செய்யும் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். கடைக்கு வரும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை.

இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கு. தடை முழுசாக விழ வயிறு நிறையணும். பகலில் கடிக்கும் ஏடிஸை நாம் பாதியிலேயே தட்டி விரட்டுகிறோம். அரைவயிறோடு பறந்த கொசு, பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும். ஒரே வீட்டில் பலருக்கு டெங்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வயிறு நிறைந்த கொசுவும் ஓய்ந்துபோனதாக நினைக்க வேண்டாம். டெங்கு வைரஸ் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட ஏறக்குறைய 8 முதல் 12 நாட்கள் ஆகும். முட்டையிட்டதுமே மூக்கு பழைய சேனலுக்குத் திரும்பிவிடும். ஆக, வைரஸ் தயாராகும் நேரத்தில் கொசு மறுபடியும் நம் பின்னால்தான் இருக்கும்.

நடுவில் தண்ணீரைத் தேடும் அந்தச் சில நாட்களைத்தான் பொறியாக்கியிருக்கிறார்கள் பியூர்ட்டோ ரிக்கோவில். கருப்பு வாளியில் வைக்கோல் ஊறிய தண்ணீர், உள்ளே பசைத்தாள். முட்டையிட இடம் தேடி வரும் கொசு ஒட்டிக்கொள்ளும். நம்ம வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டும் பூந்தொட்டித் தட்டும் அதே மாதிரி கொசுவை வரவழைக்கும். ஒரே வித்தியாசம், அங்கே பசைத்தாள் இல்லை.