யான் வயலில் நத்தைகுத்தி நாரை

நீர்ப்பறவைகளைப் பார்க்கவும் படம் பிடிக்கவும் பேராக் மாநிலத்தின் கோல குலா சரணாலயத்துக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போய் வாருங்கள், நல்ல இடம். ஆனால் கெடாவில், அதிலும் யான் பக்கம் இருப்பவர்களுக்கு, வேலியும் நுழைவுச் சீட்டும் இல்லாத ஒரு சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. நெல் வயலைத்தான் சொல்கிறேன்.

மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் வந்தது. கெடாவிலும் தென் பெர்லிசிலும் ஏறக்குறைய 100,000 ஹெக்டர் வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைய அதுவே வழி செய்தது. அதாவது ஆண்டுக்கு இருமுறை வயலில் நீர் நிற்கும். இருமுறை உழவு நடக்கும். பறவைகளுக்கு இதுதான் நாட்காட்டி. டிராக்டர் சேற்றைப் புரட்டும் நாளில் அதன் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டும். புழுவும் தவளையும் மேலே வந்துவிடும் அல்லவா! செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து வரும் விருந்தாளிகளும் சேர்ந்துகொள்வார்கள்.

இப்போது நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது நத்தைகுத்தி நாரையைப் பற்றி. 2010க்குப் பிறகுதான் இது நம் வட மாநிலங்களில் கூட்டம் கூட்டமாகக் கண்ணில் படத் தொடங்கியது. மூடிய அலகின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டி போல ஓட்டை நொறுக்கத்தான் அந்த இடைவெளி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. கீழ் அலகின் கூர் நுனியை ஓட்டுக்குள் செலுத்தி, சதையை அறுத்து வெளியே இழுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும்.

இந்த நாரை தின்னும் நத்தை எது தெரியுமா? சிப்புட் கொண்டாங் எமாஸ். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1980களில் உணவுக்காக ஆசியாவுக்குக் கொண்டு வரப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் நம் வயல்களுக்கும் வந்துவிட்டது. தண்டில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். நாற்று இளசாக இருக்கும்போது ஒரே இரவில் மென்று தீர்த்துவிடும். இதற்கு மருந்து அடித்தால் பாரிட்டில் உள்ள மீனும் சாகக்கூடும். அந்த மீனை நம்பியிருக்கும் கொக்கும் பட்டினி கிடக்கும். நாரையோ கூலி கேட்காமல் நத்தையைப் பொறுக்குகிறது. அது நடந்தால் நாற்று மிதிபடும் என்று விவசாயிகள் குறைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வலை கட்டிப் பிடிப்பதும் ஏர்கன்னால் சுடுவதும் தீர்வாகாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

தமிழ்நாட்டின் வேடந்தாங்கலில் இதே நாரை ஏரி மரங்களில் கூடு கட்டுகிறது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர் மக்கள், 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள்.

சரி, படம் எடுக்கும் விஷயத்துக்கு வருவோம். காரை வரப்புச் சாலை ஓரத்தில் நிறுத்தி, இறங்காமல் உள்ளிருந்தே எடுங்கள். பறவை காருக்கு அஞ்சாது. கதவைத் திறந்து மனிதன் இறங்கினால் பறந்துவிடும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் போதும். வெள்ளைக் கொக்கை இருண்ட சேற்றின் முன்னால் எடுக்கும்போது ஒளியளவைச் சற்றுக் குறையுங்கள். இல்லாவிட்டால் இறகு வெளுத்து, துணி காயப்போட்டது மாதிரி இருக்கும். வானத்தில் பறக்கும் பறவைக்கு ஒளியைக் கூட்ட வேண்டும்.

யானில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை கிழக்கே நிற்பதால், அடிவாரத்தில் காலை வெயில் தாமதமாகத்தான் விழும். மாலையில் கடல் பக்கமிருந்து வரும் வெளிச்சம் நேராகக் கிடைக்கும். கரையோரச் சேற்றில் உள்ளான்களைத் தேடுபவர்கள் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். தண்ணீர் ஏற ஏற அவை நம் பக்கம் தள்ளப்பட்டு வரும். அருகில் வந்ததை எழுப்பிப் பறக்கவிட்டு எடுக்க வேண்டாம். சைபீரியாவிலிருந்து வந்த களைப்பு அதற்கு.