வீட்டை அளக்கும் கல்வி

திருப்பூரில் ஒரு பனியனைத் தைக்குமுன் அதை அணியப்போகிறவரின் மார்பளவு, கையளவு, கழுத்தளவு யாவும் கணக்கிடப்படுகின்றன. ஆனால் அதைத் தைக்கும் தொழிலாளி குடியிருக்கும் வீட்டைக் கட்டுமுன் அவருடைய தேவையை அளந்தவர் யார்?

தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய ராஜ்யங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் பல, லைன் வீடுகள் எனப்படும் வரிசை அறைகளில் வசிக்கின்றன. ஒரு வரிசையின் முதுகோடு மற்றொரு வரிசை ஒட்டி நிற்குமிடங்களில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வாசல் ஒன்றே வழி. தலைக்கு மேலே தகரமோ, கல்நார் ஓடோ காய்கிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஊரெங்கும் வீசியும் அவ்வறைகளுக்குள் நுழைவதில்லை. ஒரு புறம் புகும் காற்று மறுபுறம் வெளியேற வழி வேண்டுமென்ற சிறு உண்மையை அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாரில்லை.

கட்டிடக் கலை தனவந்தர்களுக்கும் பட்டதாரிகளுக்குமே உரியதென்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சட்டங்கூட அவ்வாறு சொல்லவில்லை. 1972-ஆம் வருஷத்துக் கட்டிடக் கலைஞர் சட்டம், பதிவு பெற்றவர்களுக்கு அப்பட்டத்தை ஒதுக்குகிறதே தவிர, வடிவமைக்கும் தொழிலை மற்றவர்களுக்கு விலக்கவில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

கையால் செய்து கற்பதும் நமக்குப் புதிதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்திய ஆதாரக் கல்வியின் சாரமே அதுதான். இங்கிலாந்திலிருந்து 1945-ல் நம் நாட்டுக்கு வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறிய லாரி பேக்கர், கட்டிடச் செலவைக் குறைக்கும் வழிகளைத் தம் கையாலேயே படம் வரைந்து, எளியோரும் படிக்கத்தக்க சிறு நூல்களாக வெளியிட்டார். ஆரோவில்லில் 1989-ல் தொடங்கப்பட்ட மண் கட்டிட நிலையத்தில் பயிற்சி பெறுவோர், மண்ணைத் தொட்டும் முகர்ந்தும் நீரில் கழுவியும் அதன் குணத்தை அறிகிறார்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, கை இயந்திரத்தால் அழுத்திக் கல் செய்கிறார்கள். அக்கல்லுக்குச் சூளை வேண்டாம். நான்கு வாரம் ஈரம் காத்தால் போதும்.

இத்தகைய பயிற்சி திருப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலே, அவர்கள் தெருவிலே கிடைக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஏற்றுமதிச் சரக்குக்கு வரும் அட்டைப்பெட்டிகளின் மிச்சம், தையற்காரரின் இஞ்ச் டேப், ஓர் ஊதுபத்தி ஆகியவை போதும். தத்தம் வீட்டை அளந்து அட்டையில் சிறு உருவம் செய்யட்டும். ஒரே திறப்புள்ள பெட்டியில் ஊதுபத்திப் புகை தேங்கி நிற்பதையும், எதிரே இன்னொரு திறப்பு வைத்ததும் அது வெளியேறுவதையும் கண்ணாரக் காணட்டும். அநுபவமுள்ள கொத்தனார்களும் சித்தாள்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியர்களாகட்டும். தமிழ்ப் பிள்ளையும் பீகார்ப் பிள்ளையும் சேர்ந்து ஒரு சுவரை எழுப்ப மொழி தடையாகாது.

"வீடு வேறொருவருடையது, குடியிருப்பவர் கற்று என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பயிற்சி ஒன்றினால் சுவரில் ஜன்னல் முளைத்துவிடாது. வீட்டுக்காரர்கள், ஆலை முதலாளிகள், சர்க்கார் ஆகியோரின் கடமையும் இதனால் குறைந்துவிடாது. ஆயினும் குறையை வாயால் சொல்வது வேறு, அளவோடு வரைந்து காட்டுவது வேறு. நியாயஸ்தலங்களில் பழகிய நாம் இவ்வித்தியாசத்தை நன்கறிவோம். "புழுக்கமாயிருக்கிறது" என்றால் அது முறையீடு. "இச்சுவரில் இத்தனை அடிக்கு ஒரு திறப்பு வேண்டும்" என்றால் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். மேலும், இன்று வாடகை அறையில் வளரும் பிள்ளை, நாளை தன் சொந்த ஊரிலே, சேமித்த பணத்தைக் கொண்டு வீடு கட்டக்கூடும். அன்று அறியாமையால் மற்றொரு வெப்ப அறையைக் கட்டாதிருப்பதே பெரும் லாபம்.

மாநகராட்சியாரும், முதலாளிமாரும், உபாத்தியாயர்களும் ஒரு பள்ளியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டுகிறோம். உலகத்தாரின் உடம்பை அளந்து உடை தைக்கும் ஊர், தன் பிள்ளைகளின் வீட்டையும் அளக்கக் கற்கட்டும்.