கடிகாரங்கள் ஒத்துப்போவது எப்படி?

ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு விசைப்படகு மீன்பிடிக்கச் செல்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு 5 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடந்துவிடும். அப்பால் இருப்பதோ 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட இந்திய–இலங்கைக் கடல் எல்லை. படகு அனுப்பிய செய்தியைக் குறித்துக்கொண்ட இரண்டு நிலையங்களின் கடிகாரங்கள் 5 நிமிடம் வேறுபட்டால், அப்போது படகு எங்கே இருந்தது என்பதில் ஒரு கிலோமீட்டர் ஐயம் பிறக்கும். ஆபத்தில் தேடிச் செல்வோருக்கு அது சிறிய ஐயமன்று.

ஊருக்கொரு நேரம் வழங்கிய காலமும் உண்டு. 1906 ஜனவரி முதல் நாளன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. இன்று அதனைக் காத்துவருவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அணுக் கடிகாரங்களே.

கணினி வலையமைப்பில், செய்தித் துண்டுகளை உரிய வழியில் திருப்பிவிடும் கருவியை நெட்வொர்க் ஸ்விட்ச் என்பர். எந்த இணைப்பு எப்போது அறுந்தது, எப்போது மீண்டது என அது தன் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறது. அக்கடிகாரம் நாளுக்கு ஒரு வினாடி பிசகினாலும் ஓராண்டில் 6 நிமிடம் பிசகிவிடும். ஆகவே, அது நம்பத்தக்க கடிகாரத்தை அடிக்கடி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்த என்.டி.பி. என்னும் முறை 1985 முதல் இதற்குப் பயன்படுகிறது.

அம்முறையை ஓர் உவமையால் விளக்குகிறேன். மணி கேட்டு வரத் தம்பியை அடுத்த தெருவுக்கு அனுப்புகிறேன். அவன் புறப்படும்போது என் கடிகாரத்தில் மணி 10. அங்கே சேரும்போது அவ்வீட்டுக் கடிகாரத்தில் 10.07, திரும்பப் புறப்படும்போது 10.08. அவன் வந்து சேர்கையில் என் கடிகாரத்தில் 10.05. ஆக அவன் வெளியே இருந்தது 5 நிமிடம். அங்கே நின்றது ஒரு நிமிடம். நடந்தது 4 நிமிடம். போக 2, வர 2 எனக் கொண்டால், அவன் அங்கே சேர்ந்தபோது என் கடிகாரம் 10.02 காட்டியிருக்கும். அங்கோ 10.07. எனவே என் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கியுள்ளது.

இக்கணக்கில் ஓர் ஊகம் மறைந்திருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். போகும் வழியும் வரும் வழியும் ஒத்த நேரம் எடுத்தன என்று கொண்டோம். திரும்பும் வழியில் மட்டும் தேர்க்கூட்டம் இருந்திருந்தால் விடை தவறாகும். வலையமைப்பிலும் ஒரு திசையில் மட்டும் செய்திகள் தேங்கினால் இதுவே நிகழும். எனினும், அப்பிழை போகவர ஆன நேரத்தில் பாதியை மிஞ்சாது.

ஆதலால், கண்காணிப்பவர் கடிகார வேறுபாட்டை மட்டும் பார்த்து அமைதியடைவதில்லை. போகவர ஆகும் தாமதத்தையும், அதன் ஏற்ற இறக்கத்தையும் பார்க்கிறார். கடைசி எட்டு முறை கேட்டதில் எத்தனைக்கு விடை வந்தது என்பதையும் பார்க்கிறார். எட்டுக்கும் வந்திருந்தால் திரையில் 377 என்ற எண் தோன்றும். ஸ்விட்சின் ஒவ்வொரு வாயிலிலும் தவறிய, பழுதுற்ற துண்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறார். தாமதம் திடீரென உயர்ந்தால், பழுது கடிகாரத்திலன்று, வழியில் இருக்கலாம்.

கடிகாரம் காட்டும் நேரத்தை நம்புவதற்கு முன், அந்நேரம் வந்த வழியையும் சோதிக்க வேண்டும். கரையில் காத்திருப்போருக்கு உதவுவது அத்தகைய நேரமே.