காணாமல் போன பூஜ்யம்

சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து மக்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் இப்போது இல்லை. ஆட்கள் ஈப்போ, கம்பார், கிள்ளான் என்று சிதறிவிட்டார்கள். யார் வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று சொல்ல மிஞ்சியிருப்பது ஓர் எக்செல் பட்டியல்தான்.

கல்வி உதவிக்காக அதைப் பவர் பிஐ டேஷ்போர்டில் ஏற்றி, வயதுவாரியாக வரைபடம் போடுகிறார்கள். கல்லூரி வயதில் ஒருவர்கூட இல்லை! "நம்ம பிள்ளைங்க எங்கே விண்ணப்பம் போடுறாங்க?" என்று செயற்குழுவில் ஒருவர் அலுத்துக்கொள்வார். பாவம், பிள்ளைகள் எல்லாரும் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

கோளாறு அடையாள அட்டை எண்ணில். அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது பூஜ்யத்தில் தொடங்கும். இடையில் கோடு போடாமல் தட்டினால், எக்செல் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தள்ளிவிடும். 050721 என்பது 50721 ஆகிவிடும். முதல் இரண்டு இலக்கத்தை வைத்து வயது கணக்கிட்டால், 2005இல் பிறந்த மாணவி 1950இல் பிறந்த பாட்டி! 2001இல் பிறந்தவரோ 2010இல் பிறந்த பையன்.

தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டால் தொல்லையில்லை. ஏற்கெனவே போயிருந்தால், 12 இலக்கம் வரும்வரை முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். அதோடு விடாது. பவர் பிஐயும் தன் பங்குக்கு எழுத்தை எண்ணாக மாற்றப் பார்க்கும். 'சேஞ்ஜ்டு டைப்' என்ற படியைத் திறந்து, அங்கும் 'டெக்ஸ்ட்' என்று வையுங்கள்.

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகை எக்செல் கோப்பைப் பயன்படுத்தியது. அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. தொற்றியவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது.

தேதியையும் பாருங்கள். நாம் 25/3 என்று நாளை முதலில் எழுதுகிறோம். கணினி அமெரிக்க முறையில் இருந்தால், 25ஆவது மாதம் ஏது என்று அதைத் தேதியாகவே ஏற்காது. 5/3ஐ ஏற்கும், ஆனால் மே மாதத்தில் கொண்டுபோய் வைக்கும்.

எக்செலில் எத்தனை வரிசை, டேஷ்போர்டில் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் திரையின் மூலையில் போட்டு வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வரைபடத்தை நம்ப வேண்டாம். ஒத்துப்போனாலும் மாணவி பாட்டியாகியிருக்கலாம், அதனால் வயதையும் ஒரு கண் பாருங்கள். அடையாள அட்டை எண்ணை மட்டும் திரையில் காட்டாதீர்கள். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட நம்மவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!