சூரியன் மறைந்த பிறகும் சிராங்கூன் சாலை ஏன் சுடுகிறது?

இரவு ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு சுவரைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சூடு இருக்கும். ஏன்?

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதல்லவா? அப்படித்தான் கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. நெருக்கமான கட்டடங்கள் அதை வானுக்குத் தப்பவிடாமல் மறிக்கின்றன.

ஏர்கானும் அறைச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. அதற்கான மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்தே வருகிறது. அப்போது வெளியாகும் கரியமிலவாயு பூமியையே சூடாக்குகிறது.

தெருவில் தேங்கும் சூட்டின் விளைவு? சில இரவுகளில் நகரத்துக்கும் பசுமையான புறநகருக்கும் 7 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம்!

எப்படிக் குறைப்பது? மரங்கள் நிழல் தரும். இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது காற்று குளிரும். அதனால்தான் பத்து லட்சம் மரங்கள் நடும் இயக்கத்தை 2020-இல் சிங்கப்பூர் தொடங்கியது. தெம்பனீஸ் வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கட்டடங்களில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சு பூசப்பட்டது.

உங்கள் பங்கு? ஏர்கானை 25 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். மின்விசிறியே போதுமென்றால் இன்னும் நல்லது.